கல்யாணப் பந்தியில் எழுதிய உயில்

பாயசம் ஊற்றும்போதுதான் ராகேல் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

அதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. அறுபது தாண்டி எனக்கு முதல் கல்யாணம். குலசேகரத்தில் எங்கள் சபை மண்டபம். பக்கத்து இலையில் என் கணவர் சிலுவைதாசன் பாயசத்தில் மட்டிப்பழத்தையும் பப்படத்தையும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார். நான் நர்ஸாக இருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். அன்று முதல் என்னை "சிஸ்டரே" என்றுதான் கூப்பிடுவார். தாலி கட்டி முடித்தும் அப்படியே கூப்பிட்டுப் போதகரைச் சிரிக்க வைத்தார்.

ராகேல் என் பள்ளித்தோழி, வக்கீல். கோர்ட்டு வேலை முடிந்து கடைசிப் பந்திக்குத்தான் வந்தாள். போன வாரமே உயிலைப் புதிதாக எழுதிப் பதிவும் செய்துவிட்டதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"தாலி கெட்டுக்கு முந்தியா?"

"பின்னே? ஊர்வாய அடைக்கணும்லா?"

"சவமே, தாலி கெட்டுன உடனே அது செத்துப்போச்சு. நம்ம கிறிஸ்தவங்களுக்குக் கல்யாணம் ஆனா முந்தி எழுதின உயில் ஒண்ணும் செல்லாது. எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"அப்பம் வீடு?"

"உனக்கு இப்பம் ஒண்ணு ஆச்சுன்னா பாதி மாப்பிளைக்கு. மிச்சம்தான் உனக்க சொந்தக்காரங்களுக்கு."

பாயச வாளியோடு நின்ற ஜிஷாவைப் பார்த்தேன். இறந்துபோன என் தங்கையின் மகள். என் வீட்டில்தான் வளர்ந்தாள். இந்தக் கல்யாணப் பேச்சு எழுந்ததுமே, வயசான காலத்தில் ஒருத்தனைக் கட்டி அந்தப் பிள்ளையை நடுத்தெருவில் விடப்போகிறாள் என்று ஊர் பேசியது. அதனால்தான் எழுதினேன். வீடு ஜிஷாவுக்கு, சிலுவைதாசனுக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. அந்த இரண்டாவது வரியை எழுதச் சொன்னது அவரேதான். ஆனாலும் எழுதும்போது என் கை நின்றது. இவரோடு வாழப்போகிறேன் என்று முடிவுசெய்த நானே, நான் போன மறுநாள் இவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினேன். ஊருக்குப் பயந்து எழுதிய வரி.

அது செத்துவிட்டது என்றதும் நான் பதறியிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எதுக்குப் பெரியம்மா சிரிக்கிய?" என்றாள் ஜிஷா.

சிலுவைதாசன் சிரிக்கவில்லை. கை கழுவ எழுந்துவிட்டார். "வக்கீலம்மா, இப்பமே எழுதணும். பிள்ளைக்க வீடு அந்தரத்துல நிக்கப்பிடாது."

"பாயசம் குடிச்சிட்டு எழுதலாம்ணே. அதுக்குள்ள இவ எங்க போகப்போறா?"

அவர் கேட்கவில்லை. போதகரிடம் வெள்ளைத்தாள் வாங்கி வந்துவிட்டார். ஜிஷா ஓடிவந்து பேனாவை எடுத்தாள். "சாட்சிக்கு நான் போடட்டா?"

ராகேல் அவள் கையில் ஓர் அடி வைத்தாள். "ஏட்டி, வீடு உனக்கு. நீயே சாட்சி போட்டா வீடு கிடைக்காது. போ, சமையக்காரர் குமாரதாச கூப்பிடு. அவரும் போதகரும் போதும்."

இலையை ஒதுக்கிவிட்டு எழுதினேன். அதுவரை எல்லாத் தாளிலும் நான் பொன்னையா மகள். இப்போது 'சிலுவைதாசன் மனைவி நேசபாய்' என்று எழுதிவிட்டு, யாருடைய பெயரோ என்பதுபோல் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். வீடு ஜிஷாவுக்கு என்று எழுதினேன். அடுத்த வரியில் கை நிற்கவில்லை. என் கணவர் தம் ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும்.

அவர் எட்டிப் பார்த்தார். "இது எதுக்கு சிஸ்டரே? நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?"

ஜிஷா தாளை வாங்கி வாசித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சும்மா இருங்க பெரியப்பா," என்றாள். அதுவரை அவர் அவளுக்குக் கண்டக்டர் மாமா. "நீங்க போயிட்டா அந்த வீட்டுல ஃபியூஸ் போனா யாரு கெட்டுவா? கரண்டத் தொட எனக்குப் பேடியாக்கும்."

அவர் திரும்ப வந்து தன் இலைமுன் உட்கார்ந்தார்.

நான் கையெழுத்துப் போட்டேன். போதகரும் போட்டார். குமாரதாஸ் கையைத் துடைத்துவிட்டுத்தான் போட்டார். இருந்தும் தாளின் ஓரத்தில் சர்க்கரைப்பாகு ஒட்டிக்கொண்டது.

"இது செல்லுமாட்டி?" என்று ராகேலைக் கேட்டேன்.

"இனி வேற யாரயாவது கெட்டுகதா உத்தேசம் உண்டா?"

பப்படத்தை நொறுக்கப்போன சிலுவைதாசனின் கை அப்படியே நின்றது.

"இல்ல," என்றேன்.

"அப்பம் செல்லும்."

பப்படம் நொறுங்கும் சத்தம் கேட்டது.