டல்ஹௌசியில் ஒரு நடை

இவர்கள் யாரும் கட்டடங்களைப் பார்க்கவில்லை, என் நடையைத்தான் பார்க்கிறார்கள் என்று கேத்தகி நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் வைத்துப் பெண் பார்ப்பது பழைய பழக்கம், டல்ஹௌசி சதுக்கத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று சொன்னவள் மாப்பிள்ளையின் அத்தை; பிசிமா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். இப்போது கேத்தகிக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அப்பா. மாப்பிள்ளை சதுக்கத்தின் நடுவிலிருந்த குளத்து ஓரமாய்ப் போன் பேசிக்கொண்டு வந்தான்.

"அதோ, ரைட்டர்ஸ் பில்டிங். பாத்திருக்கியாம்மா?" என்று கை காட்டினாள் அத்தை.

"தினமும் பாக்குறேன் பிசிமா. பக்கத்துத் தெருவுலதான் என் ஆபீஸ்."

"அதான் பஸ்ஸப் பிடிக்கிற மாதிரி ஓடுறே!"

அப்பா அவசரமாகச் சிரித்தார். தினமும் தனியாக நடக்கும் தெருவில் இன்று கேத்தகிக்கு ஒதுங்க இடமில்லை.

பெரிய தபால் நிலையத்தின் படிக்கட்டு வந்ததும் அத்தை நின்றாள்.

"செருப்பக் கழட்டிட்டு மேல வரைக்கும் நடந்து காட்டும்மா. கொண்டையையும் அவுத்து விடு. எங்க வீட்டு வழக்கம்."

"ரெண்டு நிமிஷந்தானே, நடந்துடு மா," என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

கேத்தகி முதல் படியில் உட்கார்ந்து, தளர்ந்திருந்த செருப்பு வாரை இறுக்கிக் கட்டினாள்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க பிசிமா. நான் நடக்கலை."