மேட்டில் ஏறிய ஆறு

புகழ்வேந்தனுக்குச் சொந்தமென்று இருந்தது விடியற்காலை நாலரையிலிருந்து ஏழு மணி வரைதான். எட்டரைக்குப் பாகூரில் வண்டியை எடுத்தால் வில்லியனூரில் மனை விற்கும் கம்பெனியில் போய் உட்கார வேண்டும். கரும்புக் கொல்லையாகக் கிடக்கும் இடத்தில் தார் ரோடும் பூங்காவும் வந்துவிட்டது போலக் கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுக்க வேண்டும். அதே தென்னை, அதே நாய்க்குட்டி, அதே சிரித்த குடும்பம். பதினோரு வருஷமாக அதுதான் பிழைப்பு. சாயங்காலம் வீடு திரும்பும்போது கண்ணில் மண்ணை வாரிப் போட்டது போல எரியும்.

அந்த விடியற்காலைகளில் அவன் இரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஒரு நகரத்தைக் கட்டிவந்தான். எந்தத் தேசத்திலும் இல்லாத நகரம். மேற்கே மலை, மலையிலிருந்து விழும் அருவி. நடுவில் ஒரு மேடு, மேட்டின்மேல் செம்புக் கூரை வேய்ந்த அரண்மனை. அருவித் தண்ணீர் ஆறாகி, அரண்மனை வாசலைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகும். ஆற்றின் குறுக்கே ஒரு பாலம். இருநூறு வீடுகளுக்கு மேல் இருந்தன. எல்லாம் அவன் கையால் ஒவ்வொன்றாக வைத்தவை.

படம் முடிந்ததும், கம்ப்யூட்டரில் ஓவியம் செய்கிறவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் போட்டான். பத்து நிமிஷத்தில் முதல் கருத்து வந்தது. 'இது ஏஐ போட்ட படம். பாலத்தோட நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க.'

நிழல் தப்புதான். பாலம் இருட்டாகத் தெரிகிறதே என்று கூடுதலாக ஒரு விளக்கு வைத்திருந்தான், அதனால் வந்த வினை. சொன்னால் யார் கேட்பது? ஆளாளுக்கு எழுதினார்கள். குழுவை நடத்தும் அன்புராஜ், பழைய கோப்புகளைக் காட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையோடு படத்தை எடுத்துவிடுவேன் என்றார். பழைய கோப்புகள் எங்கே இருக்கின்றன? இடம் போதாமல் அவ்வப்போது அழித்துவிட்டான்.

"இன்னாங்க, மூஞ்சி தொங்குது?" என்றாள் அவன் மனைவி கார்த்திகா, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே.

"நான் பண்ணலையாம். மெஷினே பண்ணிடுச்சாம்."

"ரெண்டு வருசமா இந்தக் கம்ப்யூட்டர் எரைச்சல்ல நான் ஒழுங்கா தூங்கல. மெஷினு பண்ணியிருந்தா நானாவது தூங்கியிருப்பேன். போய்ச் சொல்லுங்க அவங்கள்ட்ட."

அவன் அதைச் சொல்லவில்லை. இப்போது கையிலிருக்கும் கோப்பை எல்லோர் முன்னாலும் திறந்து காட்டுகிறேன் என்று மட்டும் எழுதினான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நாற்பது பேர் இணையத்தில் கூடினார்கள். புகழ்வேந்தன் தன் திரையை அவர்களுக்குத் திறந்துவிட்டான்.

"அந்த எடது கோபுரத்த நகத்துங்க பார்ப்போம்" என்றார் அன்புராஜ். நகர்த்தினான். கூரையைத் தூக்கு என்றார் ஒருவர். தூக்கினான். செக்போஸ்டில் பையைக் கொட்டிக் காட்டுகிறவன் போல இருந்தது அவனுக்கு.

அப்போது ஒரு பெண்குரல் கேட்டது. "அரண்மனைக்குப் பின்னாடி போங்க தம்பி." பெயர் ருக்குமணி என்று திரை சொன்னது. காரைக்காலில் பாலிடெக்னிக் ஒன்றில் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

புகழ்வேந்தன் தயங்கினான். பின்னால் எதுவும் இல்லை. படத்தில் தெரியாத பக்கத்துக்குச் சுவர் எழுப்ப அவனுக்குத் தெம்பு இருந்ததில்லை. வேறு வழியில்லாமல் கேமராவைத் திருப்பினான். வீடுகளெல்லாம் முன்பக்கம் மட்டும் அட்டை போல நின்றன. யாரோ சிரித்தார்கள்.

"அப்போ சரி" என்றார் அன்புராஜ். "ஏஐ படத்த இப்படிச் சுத்தித் திருப்பிப் பாக்க முடியாது, அதுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு ஏது? இது மனுசன் பண்ணதுதான். மன்னிச்சுக்குங்க பிரதர்."

இரண்டு நிமிஷத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். ஜெயித்துவிட்டான், ஆனால் சந்தோஷம் வரவில்லை. தோள்பட்டைதான் வலித்தது. திரையை மூடப் போனவனை ருக்குமணியின் குரல் நிறுத்தியது.

"இருங்க தம்பி. படத்தப் பத்தி இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லலியே."

அவர் ஒரு மணி நேரம் பேசினார். எல்லா ஜன்னலும் ஒரே அளவு என்றார். "கக்கூசுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒரே ஜன்னலா?" படிக்கட்டுகள் செங்குத்தாக இருக்கின்றன, கிழவர்கள் ஏற முடியாது என்றார். கடைசியில் ஆற்றுக்கு வந்தார்.

"அருவி விழுற எடம் பள்ளம். அரண்மனை மேடு. தண்ணி எப்படித் தம்பி மேட்டுல ஏறி வாசலுக்கு வரும்? நாங்க வாய்க்கா முடியுற கடைமடைக்காரங்க. பள்ளத்துக்கே தண்ணி எப்ப வரும்னு பாத்துக்கிட்டு நிக்கிறவங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்ல வாயெடுத்துத் திரையைப் பார்த்தான். அவர் சொன்னது உண்மை. ஆறு மேடேறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருசமா பாக்குறேன் மேடம். கண்ணுல படல."

"இப்ப நாப்பது பேரு பாத்தாங்க. நீங்க திருடனா இல்லியான்னுதான் பாத்தாங்க. ஆத்த யாரு பாத்தா?" அவர் குரல் தணிந்தது. "மாத்தணும்னா மேட்டையே எறக்கணும், பெரிய வேலை. விட்டாலும் படம் நல்லாத்தான் இருக்கு."

மத்தியானச் சாப்பாட்டில் கார்த்திகா கேட்டாள். "நம்புனாங்களா?"

"நம்புனாங்க."

"அப்புறம் இன்னா?"

"ஆறு தப்பா ஓடுதாம்."

சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி வரை அடித்துப்போட்டது போலத் தூங்கினான். அடுத்த மூன்று நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. கம்பெனியில் நாலு மனைப்பிரிவுக்குப் படம் செய்தான், வந்து படுத்தான்.

நாலாம் நாள் தானாக விழிப்பு வந்தது. நாலரை. எழுந்து போய் அரண்மனையைத் தேர்ந்தெடுத்து அழித்தான். நாலு மாத வேலை, ஒரு நொடியில் போனது. பிறகு மேட்டைத் தட்டையாக்கினான். மேட்டிலிருந்த எழுபது வீடுகளும் பிடிமானம் இல்லாமல் ஆகாயத்தில் நின்றன.

பால் காய்ச்ச எழுந்த கார்த்திகா அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இன்னாங்க இது, வூடெல்லாம் அந்தரத்துல நிக்குது?"

"ஒவ்வொண்ணா எறக்கணும்."

"எப்ப முடியும்?"

"தீவாளி ஆயிடும்."

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லைட்டப் போட்டுக்குங்க, கண்ணு போயிடப் போவுது" என்று சொல்லி அடுப்படிக்குப் போனாள். புகழ்வேந்தன் கொட்டாவி விட்டபடி ஓரத்து வீட்டைப் பிடித்துத் தரையில் இறக்கினான்.