பருந்துக்குள் ஒரு புறா

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அந்த மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. ஐந்து கம்ப்யூட்டர், பதினொரு பேர், ஒரு பிஸ்கட் டின். ஜன்னலிலிருந்து தள்ளி, ஐப்பசியில் கொட்டுகிற துலாம் மாதத்து மழை எட்டாத மூலையாகப் பார்த்து டின்னை வைத்திருந்தார்கள். மூடி நெளிந்த டின்தான். ஆனால் குத்துவிளக்கு, திராட்சைக்குலை, சிலுவை, தாமரை, பாய்கிற குதிரை என்று வண்டிகளிலும் கடைக் கண்ணாடிகளிலும் ஒட்டுவதற்கான படங்களெல்லாம் அதற்குள் இருந்த இருபத்துமூன்று ஃப்ளாப்பிகளில்தான் குடியிருந்தன.

எடுத்தவர் திரும்ப வைக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். டின்னிலிருந்து ஒரு படத்தை எடுத்து தன் தேவைக்கு மாற்றிக்கொள்கிறவர், மாற்றிய படத்தையும் அதிலேயே போட்டுவிட்டுப் போவார். யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார் என்று ஒரு சீட்டில் எழுதி, ஃப்ளாப்பியோடு சேர்த்து ரப்பர் பேண்டு போடுவார். இந்தச் சீட்டு ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் சினி.

சினிக்கு அப்போது இருபது வயது. வீடு இஞ்சிவிளையில். பகலில் ஒரு டெலிபோன் பூத்தில் உட்கார்ந்திருப்பாள். பூத்தைப் பூட்டி பஸ் நிறுத்தம்வரை வந்தவள், பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிய நாட்கள் உண்டு. அன்றன்றைக்கு வகுப்பில் செய்ததை நீளநோட்டில் எழுதுவாள். எழுதியது சரிதானா என்ற சந்தேகத்தை அதற்குக் கீழே எழுதுவாள். ஒரு படத்தை மூன்று முறை சேமித்த பிறகுதான் அவள் கை மௌஸை விட்டு விலகும்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு தடவை கை தவறியது. அவளுடைய உற்ற தோழி ஜிஜி வரைந்த தாமரையை எடுத்து இதழைக் கூட்டினாள். பழையதன் பெயரிலேயே சேமித்துவிட்டாள். ஜிஜியின் தாமரை போயே போயிற்று.

"போட்டும் மக்கா, தாமரைதானே. குளத்துல வேற உண்டு" என்று ஜிஜி சிரித்தாள்.

சினிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முதல் அவள் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு படத்தை மாற்றுவதற்கு முன்பு, பழைய படத்தை அப்படியே அதே பக்கத்தில் விட்டுவிடுவது. அதன்மேல் ஒரு நகலை வைத்து, நகலை மட்டும் மாற்றுவது. மாற்றுவதை ஒரு நூலளவு பெரிதாக வரைந்து நிறம் நிரப்பிவிட்டால் அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அச்சடித்தாலும் மேலே உள்ளதுதான் வரும். பழசும் பத்திரம், புதுசும் ரெடி. டின் மூடியில் அவளே எழுதி ஒட்டினாள்: 'பழசை அழிக்காதே, அடியில் வை.' எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. ஆறு மாதமாக எல்லோரும் அப்படியே செய்துவந்தார்கள்.

அந்த ஜூலையில் ஜிஜி குல்பர்காவுக்கு நர்சிங் படிக்கப் போனாள். போகிற அன்று டின்னில் ஒரு புறாவைப் போட்டுவிட்டுப் போனாள். கல்யாணக் கார்டுக்காக வரைந்தது. தொண்டை கொஞ்சம் பருமன். அந்தப் புறாவைத் தாணு எடுத்து, ஒரு துணிக்கடைக்காக இறக்கை விரித்தான். விரித்ததை ஓமனக்குட்டி எடுத்து, அலகை வளைத்துக் கிளியாக்கினாள். சீட்டில் எல்லாம் தேதியோடு இருந்தது.

நவம்பர் பிறந்தது. சினியின் வீட்டில் ஒரு தீர்மானம் ஆகியிருந்தது. பம்பாயிலிருக்கும் அக்காவுக்கு ஜனவரியில் பிரசவம். கூட இருந்து பார்க்க ஆள் வேண்டும்.

"சும்மா பொழுது போக்கத்தானே அந்தக் கிளாசு? கிறிஸ்துமஸ் கழிஞ்சதும் ஏறிக்கோ" என்றாள் அம்மா.

"வேல கெடைச்சா?"

"கெடைச்சா நான் போறேன். கெடைக்கட்டும்."

போனால் ஒரு வருடம், அதற்குப்பின் இன்னொரு வருடம் என்று ஆகும். சினிக்கு அது தெரியும். கம்ப்யூட்டர் என்ற ஒன்றை மறந்துவிட வேண்டியதுதான். அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நெய்யாற்றின்கரையில் ஷிபு என்பவர் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வாங்கிப் போட்டிருந்தார். முன்பு போர்டு எழுதியவர். கம்ப்யூட்டரில் இருக்கிற கோட்டைப் பார்த்து பிளேடு தானாக ஓடி வெட்டுகிற அதிசயத்தைப் பார்க்கவே ஆட்கள் கடை வாசலில் நிற்பார்கள். அவரும் டின்னிலிருந்து படங்களை நகலெடுத்து, பகர்த்திக்கொண்டு போகிறவர்தான். கம்ப்யூட்டரில் உட்கார ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

சினி போய்க் கேட்டபோது அவர் வளைத்துப் பேசவில்லை. "காரக்கோணம் நேசையன் அண்ணனுக்க ஜீப்புக்கு ஒரு பருந்து வேணும். நீ கொண்டுவாற ஃபைலில நான் கை வைக்கமாட்டேன், கேட்டியா? அப்படியே மெஷினுக்குக் கொடுப்பேன். சுத்தமா வெட்டி வந்தா வேல உனக்கு."

நான்கு மாலைகள் அவள் அந்தப் பருந்தோடு இருந்தாள். கிளியின் அலகைக் கூராக்கி, காலில் நகம் வைத்தாள். எட்டு முறை வேறு வேறு பெயரில் சேமித்தாள். கறுப்பில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்தாள். பருந்துதான். யார் பார்த்தாலும் பருந்துதான். இருந்தும் நோட்டில், 'கிளி மாதிரி இருக்கிறதோ?' என்று எழுதினாள்.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஃப்ளாப்பியை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள். கடை வாசலில் ஜீப் குளித்து நின்றது. நேசையன் ஐம்பது வயதுக்காரர், அதன் முன்புறத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீயா மக்கா பருந்து பிடிச்சவ? பன்னிரண்டு மணிக்கு அம்பூரிக்கு ஆள் ஏத்தணும். அதுக்குள்ள பறக்குமா?"

"பறக்கும் மாமா" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சிவப்பு ஷீட் சுருளில் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. ஷிபு அதை மெஷினில் ஏற்றி, படத்தைத் திறந்து, ஒரு பார்வை பார்த்து, "கொள்ளாம், நல்லாயிருக்கு" என்று பொத்தானை அழுத்தினார். பிளேடு கிர்ரென்று போயிற்று, வந்தது. இறக்கையைச் சுற்றியது. மறுபடியும் இறக்கைக்கே வந்தது.

"ஒரு பருந்துக்கு இவ்வளவு நேரமா?" என்று ஷிபு முணுமுணுத்தார். "நல்ல பருந்து போல."

மெஷின் நின்றது. ஷிபு ஷீட்டை மேசையில் விரித்து, ஊசிமுனையால் வேண்டாத இடத்தைக் கிளப்பி உரித்தார். வேண்டாததோடு வேண்டியதும் வந்தது. இறக்கை நாடா நாடாவாகப் பிரிந்தது. கழுத்து இரண்டாக நின்றது. நேசையன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மக்கா, இது பருந்துதானா? வயித்துக்குள்ள ஒரு கோழி கெடக்குதே."

"முழுங்கினதாக்கும்" என்றார் ஷிபு எரிச்சலோடு. பிறகு ஊசியை மேசைமேல் எறிந்தார். "பிளேடு போச்சு. சவம் பிடிச்ச பிளேடு! ஓணத்துக்குப் பிறகு ரெண்டு மாத்தியாச்சு. குத்துவிளக்கு வெட்டினா ஷீட்டுக்க அடித்தாளோட அறுக்குது, திராட்சைக்குல வெட்டினா அதுவும் அப்படி. நீ பயப்படாத பிள்ளே, உன் குத்தம் இல்ல. பிளேடு மாத்திட்டு மீதித் துண்டுல சின்னதா ஒண்ணு வெட்டலாம்."

சினி ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் குத்தம் இல்லை என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டது அபூர்வம். அப்படியே தலையாட்டிவிடலாம். பிளேடுதான் என்று விட்டுவிடலாம்.

ஆனால் பருந்தின் கழுத்துக்கு உள்ளே ஓடிய கோட்டில் ஒரு சின்னக் குழி இருந்தது. பருமனான தொண்டைக்கு நடுவில், நகம் பட்டதுபோல ஒரு குழி. ஜிஜி புறா வரைந்த அன்று, வகுப்பு சார் திடீரென்று பின்னால் வந்து நின்றதும் அவளுடைய மௌஸ் துள்ளி விழுந்த இடம் அது. "இருக்கட்டும், புறா சளி பிடிச்சுக் கெடக்கு" என்று ஜிஜி சொன்னது சினியின் காதில் கேட்டது. கண் அடியில் இருப்பதைப் பார்க்கவில்லை. காகிதமும் பார்க்கவில்லை. பிளேடு பார்த்துவிட்டது.

"பிளேடு இல்லண்ணா" என்றாள். "நானாக்கும்."

"என்னது?"

"இந்த ஃபைலுக்குள்ள நாலு பறவை கெடக்கு. பருந்துக்க அடியில கிளி. அதுக்க அடியில தாணு விரிச்ச இறக்கை. எல்லாத்துக்கும் அடியில ஜிஜிக்க புறா. பழச அழிக்காண்டாம்னு எல்லாருக்கும் சொன்னது நான். டின் மூடியில எழுதி ஒட்டினதும் நான்."

அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நிறமெல்லாம் விலகி வெறும் கோடு மட்டும் தெரிகிற காட்சிக்கு மாற்றினாள். சிவப்புப் பருந்து மறைந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு பறவைகள் பின்னிக் கிடந்தன. ஷிபு குனிந்து பார்த்தார். நேசையனும் ஈரத் துண்டோடு உள்ளே வந்து பார்த்தார்.

"அப்போ குத்துவிளக்கு?" என்று ஷிபு மெல்லக் கேட்டார்.

"அதுக்க அடியிலயும் ஒரு குத்துவிளக்கு கெடக்கும். மேல நகல் வச்சதோட சரி, அத யாரும் மாத்தேல்ல, ரெண்டும் ஒண்ணுபோலயே இருக்கும். ஒரே கோட்டுல பிளேடு ரெண்டு வட்டம் ஓடும். அதனாலயாக்கும் அடித்தாள் அறுபடுது."

ஷிபு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "என்டெ தெய்வமே! ரெண்டு நல்ல பிளேட நான் ஓடையில வீசினேனே!"

"பிளேடு என்ன பாவம் செய்தது ஷிபுவே?" என்று நேசையன் சிரித்தார். "நீ பருந்தைக் கவனி, மணி பதினொண்ணு."

சினி அடியிலிருந்த மூன்றையும் எடுத்துவிட்டு, பருந்தை மட்டும் மீதித் துண்டின் அளவுக்குச் சுருக்கினாள். பிளேடு ஒரே சுற்றில் போய் வந்து நின்றது. ஷிபு உரித்தார். சிணுங்காமல் உரிந்து வந்தது. நகம்கூட நின்றது. ஜீப்பின் முன்புறத்தில் ஒட்டியபோது உள்ளங்கையளவே இருந்தது.

"சின்னதாப் போச்சே" என்றார் நேசையன்.

"குஞ்சு இல்லியா மாமா, வளரும்" என்று சினி சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தபடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கடையில் இருவரும் மிஞ்சினார்கள். ஷிபு கெட்டுப்போன ஷீட்டைச் சுருட்டிக் குப்பைக்கூடைப் பக்கம் வைத்தார். "கை வைக்காம வெட்டணும்னாக்கும் நான் சொன்னது" என்றார்.

"ஓ."

"கை வச்சாச்சு."

சினி ஃப்ளாப்பியை எடுத்துக் கவரில் போட்டாள். குடையை எடுத்தாள். வாசலை நோக்கி நடக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த டின்னுக்குள்ள மொத்தம் எத்தன உண்டு?"

"இருபத்துமூணு ஃப்ளாப்பி."

"எல்லாத்துலயும் இதேபோல அடியில ஆள் கெடக்கா?"

"முக்காவாசியிலயும்."

"யாரு சுத்தம் செய்யது? நானா? எனக்குப் பிளேடு வீசத்தானே தெரியும்." அவர் மெஷினைத் துடைப்பதுபோல் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். "திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு டின்னோட வா. குத்தம் எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆளு இஞ்ச இருக்கட்டும்."

சினி வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டி, திரும்பவும் உள்ளே போனாள். "அண்ணா, அந்தக் கெட்ட ஷீட்டு உங்களுக்கு வேணுமா?"

"அதுல என்ன இருக்கு? கொண்டு போ."

கிறிஸ்துமஸ் கழிந்து அம்மாதான் பம்பாய்க்கு ரயில் ஏறினாள். "பருந்தால போறேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாளாம்.

டின்னைச் சுத்தம் செய்ய மூன்று வாரம் பிடித்தது. கோடு மட்டும் தெரிகிற காட்சியில் ஒவ்வொரு படத்தையும் திறப்பாள். ஒரு விசையை அழுத்த அழுத்த, அடியில் கிடப்பவை ஒவ்வொன்றாகத் தேர்வாகும். இது தாணு, இது ஓமனக்குட்டி என்று கோட்டைப் பார்த்தே சொல்ல முடிந்தது. தாணுவின் கோடு எப்போதும் இடப்பக்கம் சரியும். ஓமனக்குட்டி மூலையைக்கூட வளைத்துத்தான் போடுவாள். நோட்டில் பெயரைக் குறித்துக்கொண்டு அழிப்பாள். அழிக்கும் முன்பு சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். மெஷினுக்கு ஒரு கோடு போதும். ஜிஜி வரைந்தவற்றை மட்டும் வேறு ஒரு ஃப்ளாப்பியில் பகர்த்தி வைத்தாள். அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சை அதைத்தான் முதலில் பிடித்தது. வகுப்பும் அதே வருடம் மூடிவிட்டது. டின்னில் ஷிபு ஆணியும் ஸ்குரூவும் போட்டு வைத்தார்.

தொண்ணூற்றொன்பது ஓணத்துக்கு ஜிஜி லீவில் வந்தாள். மெலிந்திருந்தாள், பேச்சில் இந்தி கலந்திருந்தது. கடைக்குள் நுழைந்ததுமே, "ஏட்டி, பெரிய ஆளாயிட்டியே!" என்று சினியின் நாற்காலியைச் சுழற்றிவிட்டாள்.

சினி பீரோவுக்கு மேலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு சுருளை எடுத்து மேசையில் விரித்தாள். சிவப்பு ஷீட். உரிந்த நாடாக்களை அவள் திரும்ப அழுத்தி ஒட்டி வைத்திருந்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது நான்கு பறவைகளும் தெரிந்தன. ஜிஜி விரலை வைத்து ஒரு கோட்டின் வழியே போனாள். தொண்டைக்கு வந்ததும் விரல் நின்றது.

"சளி பிடிச்ச புறா!" என்று கத்தினாள். வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இது யாரு, தாணுவா? ஓமனக்குட்டிக்க மூக்கு இது!" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இதுல நீ எங்க மக்கா?"

சினி குனிந்து கவனமாகப் பார்த்துவிட்டு விரலால் காட்டினாள். "அலகுக்க நுனி. பின்னே இந்த நகம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றாள் சினி. சொன்ன பிறகு ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான்.