ஆன்டெனாக் கம்பியைப் பிடித்திருந்தவர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவது உங்கள் சௌகரியம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, ஒரு சின்ன வீட்டின் தொலைக்காட்சியில், பதினோரு வருஷத்துக்கு முன் இறந்துபோன அந்த வீட்டுப் பெண் குழந்தை தெரிந்தாள். செய்தி வர வேண்டிய நேரம் அது.

வீட்டுக்காரர் ஒன்பது மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுபவர். மனைவி வீட்டிலிருந்தபடியே சட்டைக் காலர் தைத்துக் கொடுப்பவள். ஒரு மாதமாகவே படம் சரியில்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் கோடு கோடாக விழுந்தது. போய்ச் சொன்னதற்கு அந்த அம்மாள், "உங்க படத்துக்காக நான் பல்லால அரைக்கவா?" என்று கேட்டுவிட்டாள். தெருமுனையில் வெல்டிங் நடந்தால் புள்ளி புள்ளியாகக் கொட்டியது. அதெல்லாம் நின்ற பிறகும், ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் இன்னொரு முகம் நிழலாக நின்றது. லிஃப்ட்காரர் ஒயரை மாற்றிப் பார்த்தார், காக்கை உட்கார்ந்து வளைத்த குச்சிகளை நிமிர்த்திப் பார்த்தார். கடைசியில் எல்லா வீடுகளிலும் செய்வதைத்தான் செய்தார்: மாடிக்கு ஏறிக் கம்பியைத் திருப்பினார். "நாள் முழுக்க மேலயும் கீழயும் போறவன, வீட்டுக்கு வந்தும் ஏத்துறியே" என்று முனகிக்கொண்டுதான் ஏறினார்.

மனைவி திரைக்கும் படிக்கட்டுக்குமாக நடந்து, "வலப்பக்கம்... ஐயோ, ரொம்பப் போயிட்டீங்க... திரும்பி வாங்க" என்று கத்திக்கொண்டிருந்தவள், திடீரென்று கத்துவதை நிறுத்திவிட்டாள். செய்தி வாசிப்பவரின் நிழல் மட்டும் நின்றது, வாசிப்பவர் போய்விட்டார். நிழல் மெல்லத் தெளிந்தது. எட்டு வயது மகள், தரையில் பாய் போட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, நேராக அம்மாவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் இதே சுவர், அந்தக் காலத்துப் பச்சை நிறத்தில். அந்தப் பெட்டி தன் எதிரே ஒரு காலத்தில் பார்த்ததையெல்லாம் இப்போது திருப்பிக் காட்டியது, அவ்வளவுதான்.

லிஃப்ட்காரர் ஓடிவந்து பார்த்தபோது செய்தி முடிந்து வானிலை வந்திருந்தது. அவர் கை கம்பியில் இருக்கும்வரைதான் மகள் இருப்பாள் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. மனைவி பிடித்தால் செய்தி வந்தது. கம்பியில் அவருடைய பழைய சட்டையைச் சுற்றினார்கள், ஈரத்துணி கட்டினார்கள்; ஒன்றும் வரவில்லை. அவரும் மகளைப் பார்க்கட்டும் என்று பெட்டியையே மாடிக்குத் தூக்கிப் போனால், பெட்டி எதிரே இருந்த வானத்தைக் காட்டியது. படிக்கட்டுத் திருப்பத்தில் கண்ணாடி வைத்தால், கண்ணாடிக்குள் வெறும் புள்ளிகள். ஆன்டெனா மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். கெட்டிக்கார மனிதர், ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. "அலை எதுலயாவது மோதித் திரும்பினா லேட்டா வரும்ணே. அதான் நிழல் படம். இது எங்க போய் மோதிச்சோ, பதினோரு வருஷம் லேட்டு," என்றார். தானும் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் கைக்கு வரல. உங்க கையத்தான் கேக்குது," என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அதன் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் லிஃப்ட்காரர் மாடியேறிக் கம்பியைப் பிடித்தார். வெயிலில் பிடித்தார், மழையில் தலைக்குக் கோணியைப் போட்டுக்கொண்டு பிடித்தார், மஞ்சள் காமாலை வந்த மாதத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிடித்தார். கீழே மனைவி பார்த்தாள். பார்த்ததைப் படிக்கட்டிலிருந்து கத்திச் சொன்னாள். "தலைய சொறியுறா." "எந்தக் கையால?" "இடது கையால." "பல்லு முளைச்சிருக்கா?" "எங்க, அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கு." அவர் மேலே நின்று சிரிப்பார். தெருவில் போகிறவர்கள் முதலில் நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு அதை வைத்து மணி தெரிந்துகொண்டார்கள். இப்படி ஒரு வருஷம் போயிற்று. மகள் உதட்டை அசைப்பாள், சத்தம் மட்டும் வராது. இரண்டாம் வருஷம் மெக்கானிக் வந்து, ஒயர் முனையில் பிடித்திருந்த துருவைச் சுரண்டி எடுத்தார். அன்று சத்தம் வந்தது.

"அம்மா, அப்பாவ கீழ வரச் சொல்லும்மா. எனக்குத் தல சுத்துது."

திரையின் ஓரத்தில் ஒரு தோளும் முழங்கையும் தெரிந்தன. மகள் இருந்த காலத்துத் தன் தோள்தான் அது என்று மனைவிக்குப் புரிந்தது. அந்தத் தோள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்!" என்று கத்தியது. அந்தப் பழைய நாளிலும் அவர் மாடியில் கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்; அவளுக்குப் பிடித்த நாடகம் தொடங்கும் நேரம். குழந்தை சும்மா அப்பாவைத் தேடுகிறாள் என்று நினைத்து, சொல்லாமல் விட்டாள். முக்கால் மணி நேரம் கழித்துப் படம் பளிச்சென்று வந்தது. தொட்டுப் பார்த்தபோது குழந்தையின் உடம்பு கொதித்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள். முக்கால் மணி நேரத்தில் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதை ஊரே நம்பியது, இவளைத் தவிர.

"சத்தம் வருதா? என்ன சொல்றா?" என்று மேலிருந்து அவர் கேட்டார். உண்மையைச் சொன்னால் இறங்கிவிடுவார். இறங்கினால் மகள் போய்விடுவாள். "படம் நல்லா இருக்காம்! அப்படியே பிடிச்சுக்கச் சொல்றா!" என்று கத்தினாள். அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அந்த ஒரு பொய்யில் நாலு வருஷம் ஓடியது. நின்று நின்று அவருடைய காலில் நரம்பு கயிறாகப் புடைத்தது. "ஒரே ஒரு தடவை முகத்தப் பாத்துட்டா போதும்டி," என்பார் சில நாள். "பொறுங்க, ஏதாவது வழி வரும்," என்பாள் இவள். மகள் ஒவ்வொரு சாயங்காலமும் கூப்பிட்டாள். அம்மா ஒவ்வொரு சாயங்காலமும் இரண்டு தடவை, திரைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக, சொல்லாமல் விட்டாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, மகள் கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்தவள்போல் பாயில் சுருண்டு படுத்தாள். அதைத் தாயால் பார்க்க முடியவில்லை. படிக்கட்டடியில் போய் நின்றாள்.

"இறங்கி வாங்க. அவ உங்களக் கூப்பிடுறா."

"கைய எடுத்தா போயிடுவாளே."

"தெரியும். அன்னைக்கும் கூப்பிட்டா, நாந்தான் சொல்லல. இந்த நாலு வருஷமும் கூப்பிட்டா. சொல்லல."

கம்பியை விடாமலே, "என்னன்னு கூப்பிட்டா?" என்றார்.

"தல சுத்துதாம். அப்பாவ வரச் சொல்லுன்னா."

அவர் கையை எடுத்தார். பத்தொன்பது படி. படம் போகவில்லை. முதல் படியில் கால் வைத்த சத்தத்துக்கு மகள் தலையைத் தூக்கினாள். நடுப்படிக்கு வந்தபோது எழுந்து நின்றாள். அவர் வாசலுக்குள் நுழையவும், அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடித் திரையின் ஓரத்தைத் தாண்டவும் சரியாக இருந்தது. அவர் பெட்டிமுன் வந்து பார்த்தபோது பச்சைச் சுவரும், கசங்கிய பாயும் மட்டும் இருந்தன. முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் இடது தோளில் சுள்ளென்று சூடு ஏறியது. காய்ச்சல்காரக் குழந்தை கன்னம் வைத்துச் சாய்ந்தால் வருமே, அந்தச் சூடு. மனைவி தொட்டுப் பார்த்தாள். அவள் உள்ளங்கையும் சுட்டது.

நாற்பது நாள் அவர் அவளோடு பேசவில்லை. தோளில் சூட்டோடு வேலைக்குப் போனார், லிஃப்ட்டில் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள். நாற்பத்தோராம் நாள் சாயங்காலம், ஒரு துணியை நனைத்துப் பிழிந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் பற்றுப் போட்டாள். துணி காயக் காய நனைத்துப் போட்டாள். அதன் பிறகு தினமும் அப்படித்தான். பெட்டியில் செய்தி ஓடும், நிழலில்லாமல். அந்தச் சூடு குறையவும் இல்லை, கூடவும் இல்லை. டாக்டரிடம் போகலாமா என்று இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் விடிவதற்குள் இறங்கட்டும். உங்கள் வீட்டில் யார் யாரைக் கூப்பிட்டாலும், அந்தக் குரல் வழியில் நிற்காமல் போய்ச் சேரட்டும். நல்லா இருங்கள்.