தம்பி விட்டுப்போன பவளம்

என் தம்பிக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை. ஒருமுறை போனால் நான்கு மாதம் கழித்துத்தான் திரும்புவான். போன வருஷம் புறப்படும்போது, தன் வீட்டிலிருக்கும் கடல்நீர்த் தொட்டியை என் பொறுப்பில் விட்டான். அதற்கு முன் நான்கு வருஷம் எங்களுக்குள் பேச்சே இல்லை. அப்பா இறந்த வீட்டில், உறவுக்காரர்கள் எதிரில், நான் அவனைச் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். என் வாய் அப்படி. அவனாகவே வந்து, "நீ பாத்துக்கோண்ணா" என்றபோது உடனே வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். இன்னொரு தடவை இவனை இழக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டியில் மீன் இரண்டுதான். தொட்டிக்கே ராஜா, அதிலிருந்த ஒரு பவளம். பவளம் என்றதும் நகைக்கடைச் சிவப்பை நினைக்க வேண்டாம். இது உயிரோடு வளர்கிற, தோல்போல மெத்தென்ற ஜாதி. பெரிய காளான் வடிவம், மேலே நூறு குட்டி விரல்கள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும். எட்டு வருஷமாக வளர்த்தது. வற்றுகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்று, வேறு எதையும் தொடாதே என்பதுதான் தம்பி சொல்லிவிட்டுப் போனது.

ஆறாம் வாரம் விரல்கள் உள்ளே போய்விட்டன. மேலே மெழுகு பூசியதுபோல ஒரு பளபளப்பு. வண்ணமீன் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டு, பழைய தோலை உரிக்கப்போகிறது, பத்து நாள் கம்மென்று இருங்கள், தானே திறந்துகொள்ளும் என்றார்.

கம்மென்று இருப்பதா? நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக, நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது என்று போன் வந்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறவன். நின்றுபோன எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என் கைக்குத் தெரியாது. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். நான்காம் நாள் பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுநாள் கல்லோடு தூக்கி விளக்குக்கு நேர் கீழே வைத்தேன். ஏழாம் நாள் ஒரு டூத் பிரஷ் வாங்கி வந்து அந்த மெழுகைத் தேய்த்தே எடுத்துவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

ஒன்பதாம் நாள் தேய்த்த இடம் கறுத்துக் கூழாக வழிந்தது. அறை முழுக்க நாற்றம். கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கெட்டதைப் பிளேடால் வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சின்னக் கல்லில் நூலால் கட்டி வைக்கச் சொன்னார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை, எல்லாம் மனைவிதான். நகம் அளவு ஒரு துண்டு மட்டும் மூன்று நாள் தாக்குப்பிடித்தது. பிறகு அதுவும் போயிற்று.

அப்போதாவது தம்பியிடம் சொல்லியிருக்கலாம். வாராவாரம் போனில் பேசினானே. கேட்டபோதெல்லாம் ஜம்மென்று இருக்கிறது என்றேன். கடைக்காரரிடமே அதே ஜாதியில், அதே அளவில் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து பழையது இருந்த இடத்தில் உட்கார வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

தம்பி வந்தான். தொட்டி முன்னால் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான். நல்லா இருக்குண்ணா என்றான். ஊரிலிருந்த இரண்டு மாதமும் என்னை அடிக்கடி சாப்பிடக் கூப்பிட்டான். நடுவில் ஏதாவது தொந்தரவு வந்ததா என்று பேச்சோடு பேச்சாக மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் இல்லை என்றேன். தப்பித்தோம் என்று உள்ளூர நிம்மதி வேறு.

மறுபடி அவன் கப்பலுக்குப் புறப்பட்ட அன்று, இந்தத் தடவையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டே, "வேணாம்ணா, கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. எட்டு வருஷம் வளத்தவனுக்குத் தெரியாதா? செத்துப்போறது சகஜம்ணா, நானே நாலு சாகடிச்சிருக்கேன். நீயா சொல்லுவேன்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

குரலில் கோபமே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் பெட்டியைத் தூக்கப் போனேன்.

"இருக்கட்டும்ணா" என்று அதையும் அவனே எடுத்துக்கொண்டான்.