பஞ்சவர்ணம் கலெக்டர் ஆகவில்லை

ஹில்டா எழுதி அனுப்பியபோது நாவலில் பதினைந்து அத்தியாயங்கள் இருந்தன. தமிழ்ப் பேரவையிலிருந்து திரும்பி வந்தபோது பதினாறு இருந்தன.

பதினாறாவதைப் பேரவைத் தலைவர் நஞ்சுண்டசாமியே எழுதிச் சேர்த்திருந்தார். மேலே ‘சிறு திருத்தம்’ என்று ஒரு குறிப்பு வேறு. அந்தச் சிறு திருத்தத்தில், நாலாம் வகுப்புப் படிக்கும் பஞ்சவர்ணம் மளமளவென்று வளர்ந்து, படித்து, கலெக்டராகி, கொடியேற்றி, தன் உயர்வுக்கெல்லாம் தமிழ்ப் பேரவைதான் காரணம் என்று கண்ணீர் மல்கப் பேசினாள். கண்ணீரைத் துடைக்க ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்.

“என்னவாம்?” என்றார் எட்வர்ட். ஹில்டாவின் புருஷன். விஜயநகர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பஞ்சவர்ணத்தைக் கலெக்டர் ஆக்கிட்டாங்க.”

“நல்லதுதானே. நம்ம பொண்ணு நிக்கோல்தான் ஆகல. புக்குலயாவது ஒருத்தி ஆகட்டுமே.”

“நிக்கோல் காதுல விழட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு.”

“கோவிச்சுக்காத ஹில்டா. இந்தக் கன்னட ஊர்ல தமிழ்ல பசங்க புக்கை அவங்கள விட்டா யாரு ப்ரிண்ட் பண்ணுவா, சொல்லு? ஒரு அத்தியாயம்தானே, சும்னே பேசாம விட்டுடு.”

யாரும் பண்ண மாட்டார்கள் என்பது ஹில்டாவுக்கும் தெரியும். அதுதான் சங்கடம்.

அவள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ். அந்த வார்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வருகிற ஒவ்வொரு பெரிய மனிதரும், கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்து, “பெரியவளானதும் என்ன ஆகப்போறே?” என்று கேட்பார். முதலில் காய்ச்சல் இறங்கட்டும் என்று எந்தக் குழந்தையும் சொன்னதில்லை. டாக்டர் என்று சொல்லிவிட்டு ஆரஞ்சை வாங்கிக்கொள்ளும். இதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலில்தான் ஹில்டா எழுத உட்கார்ந்தாள்: பரதநாட்டியம், அபாகஸ், கராத்தே, கீபோர்டு என்று அம்மா சேர்த்துவிட்ட எல்லா வகுப்பிலிருந்தும் மரியாதையாக வெளியேற்றப்பட்ட ஒரு பெண்ணின் கதை.

எழுதியதை மத்தியானங்களில் வார்டில் வாசிப்பாள். எல்லையோர ஹனூர், கொள்ளேகால் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர். தமிழ் காதில் ஏறும். எழுத்து கன்னடம்தான் தெரியும். எந்தப் பத்திக்குச் சிரிப்பு வரவில்லையோ அந்தப் பத்தி மறுநாள் இருக்காது. பஞ்சவர்ணம் கடைசியில் ஓவியத்தில் முதல் பரிசு வாங்குகிறாள் என்று வாசித்த அன்று, ஜன்னலோரக் கட்டிலிலிருந்த பெண் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். ஹில்டாவுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஆனால் அந்தக் கொட்டாவி அங்கே நிற்கவில்லை. கட்டில் கட்டிலாகத் தாவி, ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரின் வாயைத் திறந்து, அவர் மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்த சொற்பொழிவைப் பாதியில் நிறுத்தியது. வார்டே கைதட்டியது. ஹில்டா அன்றே ஓவியப் பரிசைக் கிழித்துப் போட்டாள். பஞ்சவர்ணத்துக்கு என்ன கைவரும் என்று கண்டுபிடித்தாயிற்று.

அப்படிக் கிடைத்த முடிவை விட்டுக்கொடுக்க அவள் தயாராயில்லை. நேரே மண்டி மொஹல்லாவுக்கு ஆட்டோ பிடித்தாள்.

நஞ்சுண்டசாமிக்கு அங்கே மொத்த மளிகைக் கடை. பேரவை மைக்குக்கு முன்னால் அவருக்கு ஒரு தமிழ். மிளகாய் மூட்டைக்கு முன்னால் கொள்ளேகால் தமிழ். இரண்டாவதில் அவர் நல்ல மனிதர்.

“வாங்கம்மா, உக்காருங்க. திருத்தம் பாத்தீங்களா?”

“பார்த்தேன் சார். பதினாறாம் அத்தியாயம் வேண்டாம்.”

“ஏனுங்க, நல்லா இல்லீங்களா?”

“நல்லா அழ வெச்சிருக்கீங்க. ஆனா அது என் நாவல் இல்ல சார்.”

“கொழந்தைங்களுக்கு ஒரு லட்சியம் வேணுமில்லீங்களா? கொட்டாவி உடறதெல்லாம் ஒரு தெறமைங்களா? நாளைக்கு எம்பட பேத்தி கேக்கமாட்டாளா, தாத்தா நானும் கொட்டாவி உட்டே பெரியாளாவட்டுமான்னு?”

“முழுசாப் படிச்சீங்களா?”

“முடிவைப் படிச்சனுங்க. நம்ம பேரவையில அப்படித்தானே.”

அது உண்மை. அச்சுக்குப் போகும் முன் ஆசிரியர் கடைசி அத்தியாயத்தைச் சபையில் வாசிக்கவேண்டும். சபை ஒப்புக்கொண்டால் புத்தகம். முடிவு சரியாயிருந்தால் நூல் சரியாயிருக்கும் என்பது பேரவையின் இலக்கியக் கொள்கை. மீதியைப் படிக்கும் சிரமமும் மிச்சம். அவர்கள் போட்ட குழந்தை நாவல்கள் அத்தனையிலும் கதாநாயகன் ஏதாவதொரு அதிகாரியாகிவிடுவான்.

“ஞாயித்துக்கிழமை என் முடிவைத்தான் வாசிப்பேன் சார்.”

“தாராளமா வாசிங்க. சபை ஒத்துக்கலீன்னா அச்சு இல்லீங். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், போட்டோவில் நன்றாக இருக்குமென்று உறுப்பினர்களின் குழந்தைகளை முன்வரிசையில் அடுக்கியிருந்தார்கள். தலைவர் ‘மழலையர் இலக்கியத்தின் மாண்பு’ குறித்துச் சுருக்கமாகத் தொடங்கினார். அவர் முடித்தபோது மழலையரில் இருவர் நாற்காலிக்கு அடியில் இருந்தார்கள்.

ஹில்டா எழுந்தாள். எத்தனையோ குழந்தைகளுக்கு நரம்பு தேடி ஊசி போட்ட கையால் தாளை இறுகப் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

பள்ளி ஆண்டு விழா. மாறுவேடப் பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். கேரட் வேடம் வாடிவிட்டது. சிறப்பு விருந்தினர், “வருங்காலத் தூண்களே!” என்று ஐந்தாவது முறையாக ஆரம்பிக்கிறார். அப்போது பஞ்சவர்ணம் வாயைத் திறக்கிறாள். மெதுவாக, மனசார, கண்ணில் நீர் வர. கொட்டாவி கேரட்டுக்குப் போகிறது. கேரட்டிலிருந்து டிரில் மாஸ்டருக்கு...

முன்வரிசையில் ஒரு பையன் கொட்டாவி விட்டான். பக்கத்திலிருந்தவள் விட்டாள். வரிசை முழுக்க வாய் திறந்து மூடியது. தலைவரின் முகத்தில் ஒரு திருப்தி படர்ந்ததை ஹில்டா பார்த்தாள். பிள்ளைகள் சலித்துவிட்டார்கள் என்று அவருக்கு எண்ணம். ஆனால் சலித்த குழந்தை எப்படியிருக்கும் என்று அவளுக்கு வார்டு கற்றுக்கொடுத்திருந்தது: அது ஜன்னலைப் பார்க்கும். இவர்கள் அவளைப் பார்த்தார்கள். கொட்டாவிக்கு நடுவே சிரித்தார்கள். நாற்காலிக்கு அடியிலிருந்தவர்கள் வெளியே வந்திருந்தார்கள்.

குரலை உயர்த்தினாள். டிரில் மாஸ்டரிடமிருந்து தலைமையாசிரியைக்கு, அங்கிருந்து மேடைக்கு. பின்வரிசைப் பெரியவர்கள் ஒவ்வொருவராகத் துண்டை வாயில் வைத்தார்கள். கதையில் விருந்தினர், “வருங்கால...” என்று திறந்த வாயை மூட முடியாமல் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. கேரட் வேடம் பஞ்சவர்ணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது. முற்றும்.

நஞ்சுண்டசாமி மைக்கைப் பிடித்தார்.

“அவையோரே! சபையையே உறங்கவைக்கும் இத்தகைய படைப்பை நம் பேரவை எங்ஙனம்...”

‘எங்ஙனம்’ பாதியில் அகன்றது. அகன்று, நீண்டு, மைக்கின் வழியாக மண்டபமெங்கும் ஒலித்தது. அடக்கப் பார்த்தார்; இன்னொன்று வந்தது. முன்வரிசை துள்ளிக் குதித்தது.

“தாத்தாவும் விட்டுட்டாரு! தாத்தாவும் விட்டுட்டாரு!” அது அவர் பேத்தியேதான். “ஆன்ட்டி, மொதல்லேர்ந்து ஓதுங்க, ப்ளீஸ்!”

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கைக் கையால் பொத்தி ஹில்டாவிடம் குனிந்தபோது வந்தது கடைத் தமிழ்.

“ஏனுங்கம்மா, அந்தப் புள்ள கடைசில என்னதான் ஆவுறா?”

“அஞ்சாங்கிளாஸ் போறா சார்.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான். கணக்குல ஜஸ்ட் பாஸ்.”

அவர் சபையைப் பார்த்தார். பேத்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். துண்டால் வாயைப் பொத்தியபடி பின்வரிசையும் சம்மதமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

“சரிங்க, பதினஞ்சே இருக்கட்டும். ஆனா முன்னாடி எம்பட அணிந்துரை வரோணும். கொஞ்சம் விரிவா.”

ஹில்டா தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

“கண்டிப்பா எழுதுங்க சார். படிக்கிற பசங்களுக்கு மொதக் கொட்டாவி எங்கேருந்து வரும்னு நானும் யோசிச்சிட்டே இருந்தேன்.”