ஆணிப் பலகை

பல் டாக்டருக்குப் பழைய பின்பால் மெஷின் என்றால் உயிர். அதுவும் மின்சாரம் தேவைப்படாத ஆதி வகை. சுருள்வில்லை இழுத்துவிட்டால் குண்டு மேலேறி, ஆணிகளுக்கிடையே தட்டுத்தடுமாறி ஏதோ ஒரு குழியில் விழும். அவ்வளவுதான் ஆட்டம். கிளினிக் மாடியில் ஓர் அறை முழுக்க அவற்றை நிறைத்திருந்தார். ஒடிந்த காலும் துருப்பிடித்த வில்லுமாக வந்த ஒவ்வொன்றையும் ஆடவைத்தவர் அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன், தச்சர்.

இருப்பதிலேயே அரியது, மூடிப்போன ஒரு கிளப்பின் கிடங்கில் கிடைத்தது. அதன் பலகையில் ஓர் ஆணி லேசாகச் சாய்ந்திருந்தது.

"நிமித்திடவா மாப்ள?"

"வேணாம் மச்சான். பொறந்த மாதிரியே இருக்கட்டும்."

அந்த வருடம் வழக்கமான வெளியூர்ப் பயணம் ரத்தானதால் டாக்டர் சேகரிப்பாளர்களின் கண்காட்சிக்குப் போனார். கூட்டம் மொய்த்த மேசையில் அதே மாதிரி மெஷின். பக்கத்தில் மச்சான், புதுச் சட்டையில், அதன் சொந்தக்காரராக. இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டாரே என்று டாக்டருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வில்லை இழுத்துவிட்டார். குண்டு சாய்ந்த ஆணியில் பட்டு, அவர் கைக்குப் பழகிய குழியில் விழுந்தது.

"இது என்னோடதுதானே?"

மச்சான் கண்ணைத் தாழ்த்தவில்லை. "வீட்ல இருக்கறது நான் செஞ்சது. மழைக்காலத்துலயே மாத்திட்டேன். தினம் தொடைக்கிறீங்க, அதுக்கப்புறம் ஒரு தடவைகூட ஆடிப் பாக்கலையே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே மச்சான்."

"மெஷினைப் பாக்க வர்றவங்ககிட்டல்லாம் என்னை என்னன்னு சொன்னீங்க? மரவேலை பாக்கறவருன்னு. மச்சான்னுகூட வாயில வரல."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாடி ரூம் சாவி உங்க அண்ணனுக்கு எப்படிக் கெடச்சுது?"

மடித்த கை நின்றது. "நான்தான் குடுத்தேன்."

"எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியும். உங்களுக்குத் தெரியவராதுன்னு நெனச்சேன்" என்றாள்.

மச்சான் செய்ததைவிட இதுதான் அவருக்கு ஆறவில்லை. அந்தப் போலியை அவர் துடைத்த நாளெல்லாம் பக்கத்தில் நின்றவள் அவள். துணிகூட எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

மறுவாரம் அசல் மெஷின் திரும்பி வந்தது. டாக்டர் பிரிக்கவில்லை. சுற்றிய சாக்கோடு மாடி நடையில் நிற்கிறது. பல்வலியோடு வந்த பழைய நோயாளி ஒருவர், "உங்க மச்சானை இந்தப் பக்கமே காணோமே?" என்று விசாரித்தார்.

"வாயைத் திறங்க" என்றார் டாக்டர்.